கேட்டவர் பாஷை

வெளிநாடு போய் வந்தேன் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. "எது, சிலோனா? பர்மாவா?" என்கிறார்கள். "சித்தூர்" என்றதும் வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எல்லை எது என்பது மட்டும் தீராமல் இரண்டு பக்கமும் குடுமிப்பிடிச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. நேற்றுவரை மஞ்சள் பையோடு போய்வந்த ஊருக்கு, இன்னொரு ராஜ்யத்துக்குப் போகிறவனாகப் போனேன். சட்டைகூட இஸ்திரி போட்டது.

நான் மதராஸில் ஒரு கல்லூரியில் தர்க்கமும் தத்துவமும் சொல்லிக்கொடுப்பவன். பார்க்கிறவன் எங்கே நிற்கிறானோ அதைப் பொறுத்துத்தான் பார்க்கப்படுவதும் தெரியும் என்பது என் வருடாந்தரப் பாடம். தண்ணீரில் வளைந்து தெரியும் கோல், பக்கத்து ரயில் கிளம்ப நம் ரயில் ஓடுவதாகப் படும் மயக்கம், யானையைத் தடவிய குருடர்கள் என்று வருஷாவருஷம் அதே சரக்கு. மாணவர்கள் தடவித் தடவி அந்த யானையே இளைத்துவிட்டது. இவ்வளவும் சொல்லிக்கொடுத்தவன், தான் எங்கே நிற்கிறோம் என்று மட்டும் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

எல்லை விஷயத்தில் சூடாக இருந்த நண்பர்கள் சிலர் ஒரு குழு வைத்திருந்தார்கள். பிச்சாட்டூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தமிழ் பேசும் வீடுகள் எத்தனை என்று யாராவது போய் எழுதி வரவேண்டும். "நீ தர்க்கம் படித்தவன், பாரபட்சம் இல்லாமல் எழுதுவாய். ஆனால் தமிழ் வீடு நிறைய வரணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வாக்கியத்தில் இருந்த முரண்பாடு, தர்க்கம் படித்த எனக்கு அப்போது படவில்லை.

முதல் நாள் சித்தூர். கலெக்டர் கச்சேரியில் கிராமப் பட்டியலைப் பார்க்கப் போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, "அந்த ஊரா? சுத்தத் தெலுங்கு ஊர் சார்" என்றார். கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், "அவன் கெடக்கறான், அது தமிழ் ஊரு" என்றார். இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் பானைதான் இருந்தது. அந்த ஊருக்கு நீங்கள் போனதுண்டா என்று கேட்டேன். இருவரும் போயிருக்கிறார்கள், ஒரே வண்டியில், ஒரே கல்யாணத்துக்கு.

பசி. பஸ் நிற்குமிடத்துக்கு எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடை. பருப்பு, நெய், புளிச்சக்கீரைத் துவையல், ஆவக்காய். பரிமாறியவர் என் இஸ்திரியைப் பார்த்துவிட்டு, "மதராஸா? காரம், பாத்து" என்று தெலுங்கில் எச்சரித்தார். நான் மூன்று தடவை துவையல் கேட்டு வாங்கினேன். கண்ணில் நீர் கோத்தது. "நான் அப்பவே சொல்லல?" என்று மோர் கொண்டுவந்து வைத்தார். அது காரத்தால் வந்த கண்ணீர் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலை பஸ். பக்கத்தில் குடையும் சிவப்பு நாடா கட்டிய பதிவேடுமாக ஒருவர். இந்தப் பக்கம் வெயில் வராது என்று தெலுங்கில் அடித்துச் சொல்லி என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். வந்தது. "வந்ததே!" என்றேன். ரோடு திரும்பியது, வெயில் அவர் மடிக்குப் போனது. "போச்சே!" என்றார். புத்தூர்வரை நாங்கள் இருவரும் மாறி மாறி ஜெயித்தோம்.

புத்தூருக்கு அப்பால் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளாத நேரத்தில் மலையைப் பார்த்தோம். நகரி மூக்கு என்று எங்கள் பக்கத்தில் பெயர்போன மலை, மதராஸிலிருந்து வருகிறவனுக்கு அச்சாக மூக்கேதான். "அதோ மூக்கு!" என்று காட்டினேன். அவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். "எங்கய்யா மூக்கு? எருமை படுத்திருக்குது" என்றார் தெலுங்கில். நான் அவரைக் கொஞ்சம் மட்டமாக நினைத்தேன். அவரும் என்னை அப்படியே நினைத்திருக்க வேண்டும். பெயர் மட்டும் பரிமாறிக்கொண்டோம். நான் வெங்கடேசன். அவர் வரதாச்சாருலு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். பிச்சாட்டூரில் அவர் சாப்பிடப் போனார். நான் ஒரு கட்டைவண்டி பிடித்துக் கிராமத்துக்குப் போனேன்.

வேலை வெல்லமாக நடந்தது. முதல் வீட்டில் முனியம்மா என்ற அம்மாள் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல என்ன பாஷை பேசுவீங்க?"

"நம்ம பாஷதான் சாமி. வேற இன்னா?"

தமிழ் என்று எழுதினேன். அடுத்த வீட்டிலும் "நம்ம பாஷதான்." அதற்கடுத்த வீட்டில் கேள்வி முடியுமுன்பே "நம்ம பாஷதாங்க, கல்லக்கா துன்றீங்களா?" என்று ஒரு பிடி கடலையையும் கையில் திணித்தார்கள். மத்தியானத்துக்குள் என் நோட்டும் என் ஜேபியும் நிறைந்துவிட்டன. ஊர் முழுக்கத் தமிழ்.

கடைசியில் பள்ளிக்கூடம். தாழ்வாரத்தின் ஒரு மூலையில் பத்துப் பிள்ளைகள் தமிழ் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு டீச்சர் தனபாக்கியம், உள்ளூர்க்காரி. வீடு வீடாக நடந்து பிள்ளை சேர்த்து அந்த வகுப்பை உண்டாக்கியவள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்களும் எழுதிக்கினு போகத்தான் வந்தீங்களா?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னாள். பத்துப் பிள்ளைகளுக்காவது தாய்மொழி தமிழ் என்று பதிவில் இருந்தால்தான் தமிழ் வகுப்பு இருக்கும். அவளிடம் இருப்பது சரியாகப் பத்து. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வந்து வீட்டுக்கு வீடு விசாரித்து எழுதப்போகிறார். ஒன்று குறைந்தாலும் வகுப்பு மூடிவிடுவார்கள்.

"எனக்கு வேற எடம் குடுப்பாங்க, இல்ல குடுக்காம போவாங்க. அத வுடுங்க சார். இதுங்க மூணு வருசமா எழுதக் கத்துக்கினு இப்பத்தான் கத படிக்குதுங்க. மறுபடியும் முதல் எழுத்துலருந்து ஆரம்பின்னா, பாதி மாடு மேய்க்கப் பூடும்."

"கவலையே படாதீங்க டீச்சர். நான் விசாரித்துவிட்டேன். பத்தும் தமிழ்" என்று நோட்டைத் தட்டிக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு, வீடுகளையெல்லாம் விசாரித்து முடித்துவிட்டு இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரேதான். பதிவேட்டை மேஜையில் வைத்து, "பத்தும் தெலுங்கு" என்றார்.

நான் அவரைப் பொய்யர் என்றேன், தமிழில். அவர் என்னை அண்டப்புளுகன் என்றார், தெலுங்கில். அரைமணி நேரம் இருவரும் அவரவர் பாஷையில் திட்டிக்கொண்டோம், மற்றவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் புரியாமல் போகவில்லை. பிள்ளைகள் சிலேட்டை வைத்துவிட்டு, கூத்துப் பார்ப்பதுபோல் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் தனபாக்கியம். "முனியம்மா உங்ககிட்ட இன்னா சொல்லிச்சு? அது சொன்னத அப்பிடியே சொல்லுங்க."

"நம்ம பாஷதான்" என்றேன்.

"மன பாஷே" என்றார் அவர்.

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. எனக்கும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. இங்கிலீஷ்காரனுக்கு இந்த வம்பே இல்லை, அவனுக்கு நாமும் நாங்களும் ஒன்று. தமிழிலும் தெலுங்கிலும் அப்படி இல்லை. "எங்க பாஷை" என்றால் கேட்கிறவனுக்கு அதில் இடமில்லை. "நம்ம பாஷை" என்றால் அவனும் சேர்த்தி. தெலுங்கிலும் "மா" வேறு, "மன" வேறு. எதிரே நிற்பவனை வெளியே நிறுத்தி "எங்க" என்பது அந்த ஊரில் மரியாதை இல்லை. தமிழில் கேட்டவனுக்கு நம்ம பாஷை, தெலுங்கில் கேட்டவருக்கு மன பாஷை. நாங்கள் இருவரும் ஊரெல்லாம் சுற்றி, வீட்டுக்கு வீடு எங்கள் பாஷையையே எழுதிக்கொண்டு வந்திருந்தோம்!

எனக்குச் சட்டென்று ஒரு பழைய ஞாபகம். ராஜ்யம் பிரியும் தகராறில் மதராஸ் சுவர்களில் "மதராஸ் மனதே", அதாவது மதராஸ் நம்முடையதே, என்று தெலுங்கர்கள் பெரிதாக எழுதியிருந்தார்கள். "அதெப்படி அவர்களுடையதாகும்?" என்று நானும்தான் கொதித்தேன். அந்த "மன"வில் நானும் சேர்த்தி என்பது இத்தனை நாள் தோன்றவில்லை. எழுதினவருக்காவது தோன்றியதோ என்னவோ.

"சார், நீங்களே ஒருவாட்டி தமிழ்ல கேட்டுப் பாருங்களேன்" என்று தனபாக்கியம் இன்ஸ்பெக்டரைக் கெஞ்சினாள்.

"எனக்கு அரவம் வராது" என்றார் அவர். தெலுங்கர்கள் தமிழை அரவம் என்பார்கள். சொல்லும்போது கூரையைப் பார்த்துச் சொன்னார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் எனக்கு ஒரு யோசனை. கேட்பதால்தானே வம்பு? கேட்காமலே கவனித்தால் என்ன? இன்ஸ்பெக்டரும் நியாயஸ்தர், ஒப்புக்கொண்டார். முனியம்மா வீட்டு வைக்கோற்போருக்குப் பின்னால் இருவரும் குந்தினோம். ராஜ்யத்துக்கு ஒருவராக இரண்டு படித்த மனிதர்கள், கழுத்தெல்லாம் அரிப்பு.

முனியம்மா வந்தாள். எருமையின் முதுகில் தட்டி, "ஜருகு, ஜருகவே!" என்றாள். இன்ஸ்பெக்டர் வெற்றியோடு என் விலாவில் இடித்தார். உடனே அவள் காளைமாட்டின் பக்கம் திரும்பி, "தள்ளி நில்லுடா, தடிமாடு!" என்றாள். நான் அவர் விலாவில் இடித்தேன். இடி கொஞ்சம் பலமாகப் பட்டு அவர் தும்மிவிட்டார்.

"ரெண்டு பேரும் ஏன் சாமி அங்க குந்திக்கினு கீறீங்க? வவுத்த வலியா?" என்றாள் முனியம்மா, திரும்பாமலே.

எழுந்து வந்தோம். மீசையில் வைக்கோல். எருமையிடம் ஏன் தெலுங்கு என்று அசடு வழியக் கேட்டேன்.

"எருமை வெங்கடகிரி சந்தையில புடிச்சது. அதுக்குத் தமிழ் வராது. மாடு ஆரணிப் பக்கத்துது. அதுக்கு எது புரியுமோ அதுலதான பேசணும்?"

"சரி, எங்களைப் பார்க்காமல் இருந்தால் என்ன பாஷை பேசியிருப்பாய்?"

"வந்து குந்தும்போதே பாத்துட்டேனே சாமி. அதான் எருமைய மரியாதையா திட்டினேன். நீங்க இல்லாட்டி நான் பேசற பாஷைய எழுதவே முடியாது."

பத்து வருஷம் வகுப்பில் தொண்டை கிழியச் சொன்னதை முனியம்மா சாணி அள்ளிக்கொண்டே சொல்லிவிட்டாள். கல்லூரியில் தெரிந்தால் என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பதிவேடு மறுநாள் காலை திருப்பதியில் அவருடைய மேலதிகாரியிடம் போயாக வேண்டும். கட்டைவண்டியில் பிச்சாட்டூருக்குக் கிளம்பினோம். தனபாக்கியமும் ஏறிக்கொண்டாள், வழியிலாவது இன்ஸ்பெக்டர் மனசு இளகாதா என்று. அவர் இளகவில்லை. "நான் கேட்டேன், சொன்னார்கள், எழுதினேன். என் காதால் கேட்டதைத்தான் எழுத முடியும்" என்று தெலுங்கில் சொல்லி வாய் மூடவில்லை, வண்டிச் சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. வண்டி நிதானமாகச் சாய்ந்து எங்கள் எல்லாரையும் கால்வாயில் கொட்டியது.

"அம்மா!" என்று அலறினேன்.

"அம்மா!" என்று அவரும் அலறினார்.

முதலில் எழுந்தவள் தனபாக்கியம். இடுப்பளவு தண்ணீரில் நின்று புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "இந்த அம்மாவ எந்த பாஷயில சார் எழுதுவீங்க?"

வலிக்கும்போது தாய்மொழி வந்துவிடும் என்பார்கள். வந்துவிட்டது, ஆனால் இரண்டு பாஷைக்கும் அது ஒரே சொல். பதிவேட்டைக் கரைக்கு எடுத்துப் போய்ப் பிரித்தோம். எல்லாம் காப்பியிங் பென்சில் எழுத்து. ஈரம் பட்டதும் ஊதாச் சாயமாகக் கரைந்து, எங்கள் சட்டையிலும் அப்பி, பத்துப் பிள்ளைகளும் ஒரே கறையாகிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கறையை விரலால் தடவிப் பார்த்தார். "புதிதாக எழுதத்தான் வேண்டும்" என்றார். "திரும்பப் போய்க் கேட்கட்டுமா?" என்று கேட்டு, அவரே, "எதற்கு? நான் கேட்டால் தெலுங்கு, நீங்கள் கேட்டால் தமிழ்" என்று முடித்துக்கொண்டார். முதல் தடவையாக அவர் குரலில் அந்த ஆபீஸ் மிடுக்கு இல்லை.

பிச்சாட்டூர் தபாலாபீசில் தனபாக்கியம் ஒரு கார்டு வாங்கி, தன் விலாசத்தை எழுதி என் கையில் கொடுத்தாள். "எது எழுதினாலும் ஒரு வரி போட்டுடுங்க சார். நானும் இதுங்களும் வாசல பாத்துக்கினே இருப்போம்." 

அந்தக் கார்டுக்காக, மதராஸ் திரும்பாமல் நானும் இன்ஸ்பெக்டரோடு பஸ் ஏறினேன். திருப்பதியில் இருட்டுவதற்குள் இறங்கினோம். ஊதாச் சட்டையோடு எந்தச் சத்திரத்திலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று இன்ஸ்பெக்டர் தன் வீட்டுக்கு அழைத்தார். கோயில் பக்கத்துத் தெரு. கதவைத் திறந்தது அவருடைய அம்மா.

"வாடா வரது! என்னடா இது, கத்திரிக்காய்க் கூடைக்குள்ள விழுந்தாப்பல? இவர் யாரு? வாங்கோ, வாங்கோ."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வரதாச்சாருலு என்னைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார். பிறகு தமிழில், என்னைவிட நல்ல தமிழில், மெதுவாகச் சொன்னார். "ஆத்துல தமிழ்தான். தலைமுறை தலைமுறையா கோயில் கைங்கரியம். ஆபீசுல பேருக்குப் பின்னாடி லு போட்டுண்டேன். நான் தமிழ்னு ஒரு பிள்ளையைக் கூடுதலா எழுதினாலும், தமிழன் தமிழனுக்கு எழுதிட்டான்னு சொல்லுவா. அந்தப் பயத்துலதான் தமிழே வராதுன்னேன். பயந்துண்டு எழுதினதும் பாரபட்சம்தானே?"

 கால் கழுவிக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தோம். சூடான சாதம், கத்திரிக்காய், ரசம். அதை அந்த அம்மாள் சாத்தமுது என்றாள். "இன்னும் கொஞ்சம் சாதிக்கட்டுமா?" என்று கரண்டியோடு நின்றபடி, பேச்சுவாக்கில் இதையும் கேட்டாள்.

"உங்காத்துல என்ன பாஷை பேசுவேள்?"

"நம்ம பாஷைதாம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. வரதாச்சாருலுவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

எங்கள் வீட்டில் தெலுங்கு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதுதான் பாஷை. அம்மா என்னைக் கடைசிவரை வெங்கடேசுலு என்றுதான் கூப்பிட்டாள். கல்லூரி வேலைக்கு மனுப் போடும்போது அந்த லுவைக் கழற்றி வீசிவிட்டு ஒரு ன் போட்டுக்கொண்டேன். எல்லைக் குழு நண்பர்களுக்கு இது தெரியாது. சித்தூர்க் கடையில் கண் கலங்கியது, புளிச்சக்கீரைத் துவையல் அம்மா கைத் துவையல் மாதிரியே இருந்ததால். அவள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த பாஷையில் என்னோடு பேச வீட்டில் வேறு யாரும் இல்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் கழற்றிப் போட்ட லுவைத்தான் இவர் பொறுக்கி மாட்டிக்கொண்டாரோ என்றுகூடத் தோன்றியது.

"பொய் சொன்னீரா இப்போ?" என்றார் வரதாச்சாருலு.

"இல்லை சார். அவங்க கேட்ட விதத்துக்கு, வாயில் அதுதான் வந்தது. அந்த நிமிஷம் அது நிஜம்தான்."

"அப்போ முனியம்மாவும் பொய் சொல்லலை. உம்மகிட்டயும் சொல்லலை, என்கிட்டயும் சொல்லலை."

அவர் அம்மாவுக்கு இந்தத் தத்துவமெல்லாம் ஒரு பொருட்டாகவே படவில்லை. கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, சுத்தமான தெலுங்கில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "தெலுங்கா? முன்னாடியே சொல்றதுக்கென்னப்பா! மதராஸ் ஆளு, காரம் தாங்க மாட்டார்னு நாலு மிளகாயைக் குறைச்சிட்டேனே!" உள்ளே போய் ஆவக்காய் ஜாடியோடு வந்தாள். அந்தத் தெலுங்கைக் கேட்டதுமே நான் மோருக்குக் கை நீட்டினேன். ஆவக்காய் இன்னும் இலையில் விழக்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து கை கழுவினார். புதுத் தாளில், இந்த முறை மை தொட்டு, பத்துப் பெயர்களை எழுதினார். தாய்மொழி என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து இன்னொரு கோடு இழுத்து, தலைப்பில் "கேட்டவர் பாஷை" என்று போட்டார். தெலுங்கில் கேட்டபோது தெலுங்கு. தமிழில் கேட்டபோது தமிழ். பத்துப் பேருக்கும் இரண்டும். தமிழில் கேட்டது யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதப்போனவர், நிறுத்தி, "எது? ன்னா, லுவா?" என்று கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். இதற்காக வேலையே போனாலும் போகும் என்று இருவருக்கும் தெரியும்.

போகவில்லை. மேலதிகாரிக்கு அந்தப் புதுக் கட்டம் புரியவே இல்லையாம். புரியாததை அடிப்பானேன் என்று விட்டுவிட்டார். எண்ணிப் பார்த்தால் தமிழ் என்று பத்துப் பேர் இருந்தார்கள், விதிக்கு அது போதும். நான்தான் குழுவில் மாட்டிக்கொண்டேன். என் நோட்டிலும் அதே கட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். "நீ எந்தப் பக்கமடா?" என்று மேஜையைத் தட்டினார்கள். "நீங்கள் எந்தப் பக்கம் நின்று கேட்கிறீர்கள்?" என்றேன். அதோடு என்னை எங்கும் அனுப்புவதில்லை.

தனபாக்கியத்தின் கார்டில் "வகுப்பு நடக்கும்" என்று ஒரே வரி எழுதித் திருப்பதியிலேயே தபாலில் போட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது.

"ஐயா, வகுப்பு நடக்கிறது. முனியம்மாவின் சின்னப் பேத்தியும் சேர்ந்து பதினோரு பேர். எருமை நலம். நம்ம பாஷை சார் மறுபடியும் எப்போது வருவார் என்று பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். உங்களைக் கேட்கிறார்களா, இன்ஸ்பெக்டரைக் கேட்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டு பேருக்கும் இதே கார்டு எழுதியிருக்கிறேன்."